பிரீனா சொன்ன செய்தி

பனங்காலவிளையில் கல்யாணமோ, புதுவீட்டுப் பால்காய்ப்போ, சாவோ, எது நடந்தாலும் முதலில் போய் நிற்கிறவள் பிரீனாதான். பந்தல்காரன் கம்பு இறக்குவதற்கு முன்னால், தூரத்துச் சொந்தங்கள் தக்கலையில் பஸ் மாறுவதற்கு முன்னால், அவளுடைய குட்டியானை வண்டி அந்த வீட்டு முற்றத்தில் நிற்கும். வண்டி நிறையப் பாக்ஸ், குழாய் ஸ்பீக்கர், ஒயர் சுருள். முன்கண்ணாடியில் 'லீலா சவுண்ட்ஸ்' என்று எழுதியிருக்கும். லீலாபாய் அவளுடைய அம்மா. அப்பா ஆசையாகத் தொழிலுக்கு மனைவி பேரை வைத்தார். அவர் போன பிறகு தொழில் பிரீனாவின் கைக்கு வந்தது.

சேலையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறுவாள். தென்னைமரத்தில் குழாயைக் கட்டுவாள். இறங்கி வந்து மைக்கைத் தட்டுவாள். "ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு." கனத்த, நின்று ஒலிக்கிற குரல். ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் பால் எடுத்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் தலையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான். மைக்கை ஆயரிடமோ, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடமோ கொடுத்துவிட்டு மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அதற்குமேல் அவள் குரலை யாரும் மைக்கில் கேட்டதில்லை.

அவளுக்கோ சொல்ல வேண்டியது மனசு நிறையக் கிடந்தது.

பிரீனா திருநங்கை. பாலிடெக்னிக் முடித்த வருஷத்தில் அம்மாவை அடுக்களையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். லீலாபாய் அழுதார், அடுப்பை அணைத்தார், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேரு என்ன வச்சிருக்க?" என்று கேட்டார்.

"பிரீனா."

"அது அந்த டெய்லருக்க மவளுக்க பேருல்லா? வேற பேரே கிட்டலியா உனக்கு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "செரி. காப்பி ஆறும் முன்ன குடி."

அம்மா வீட்டில் அத்தனை சுலபமாக முடிந்தது வேதக்கோயிலில் முடியவில்லை. யாரும் விரட்டவில்லை. வராதே என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோயிலில் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள் என்று தாத்தாக்கள் காலத்திலிருந்தே பிரித்து வைத்திருந்தார்கள். பிரீனா மிஷின் பக்கத்தில், கடைசித் தூணுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்களுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மைக் செட்டுக்கு ஆள் வேண்டும்தானே.

அந்த ஸ்டூலில் இருந்தபடியே அவள் கேட்ட பிரசங்கங்களுக்கு அளவில்லை. கோயிலில், கன்வென்ஷன் பந்தலில், கல்யாண மண்டபத்தில், கல்லறைத் தோட்டத்தில். எந்தப் பிரசங்கத்தில் ஜனம் வெற்றிலை துப்ப வெளியே போகும், எந்த இடத்தில் பிள்ளைகள் அழாமல் இருக்கும், எல்லாம் பார்த்துவிட்டாள். ஞாயிறு பள்ளிக் காலத்திலேயே உள்ளே ஒன்று பற்றியிருந்தது: ஒரு நாள் நானும் செய்தி சொல்லணும். கடவுள் தன்னை அதற்கு அழைக்கிறார் என்று முந்தைய ஆயரிடம் ஒருமுறை துணிந்து சொன்னாள். "அழைப்பா? நல்லது. ஜெபம் பண்ணுவோம்," என்றார் அவர். அப்படிச் சொன்னால் நடக்காது என்று அர்த்தம், சபையில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகுதான் ஆயர் ரெஜிலா வந்தார்.

பனங்காலவிளைக்குப் பெண் ஆயர் என்றதும் ஊரே கொஞ்சம் குழம்பியது. இந்தப் பக்கம் ஆயருடைய மனைவியைக் கொச்சம்மா என்பார்கள். இப்போது ஆயரே பெண் என்றால், அவருடைய வீட்டுக்காரர் யூஜினை என்னவென்று கூப்பிடுவது? கமிட்டி கூடிக்கூடப் பேசினார்கள். கடைசியில் யூஜினே வந்து, "நான் எலக்ட்ரிக் கடையில வேலை பாக்கேன். யூஜின்னு கூப்பிடுங்க. திரும்பிப் பாப்பேன்," என்று முடித்துவைத்தார்.

ஆயர் ரெஜிலா முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கடைசித் தூணுக்கு வந்தார். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "நீ எங்க இருப்ப?" என்றார்.

"இஞ்சதான் அம்மா. மிஷின் பக்கத்துல."

"அது வேலை செய்யுக இடம். ஆராதனைக்கு எங்க இருப்ப?"

பிரீனா இரண்டு பக்கத்துப் பெஞ்சுகளையும் பார்த்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து லீலாபாய் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் காலியான இடத்தைக் கையால் தட்டினார். அடுத்த ஞாயிறிலிருந்து மிஷினை ஆன் செய்துவிட்டுப் பிரீனா அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின் பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு வாரம் அவள் முதுகையே பார்த்தார்கள். மூன்றாம் வாரம் பாட்டுப் புத்தகம் கொண்டுவர மறந்த ஒருத்தி, அவளுடையதை எட்டிப் பார்த்துப் பாடினாள்.

ஆயர் ரெஜிலாவின் பொறுப்பில் இருந்த சேகரத்தில் நாலு சபைகள். ஒரே காலையில் இரண்டு இடத்தில் ஆராதனை நடத்திவிட்டு ஸ்கூட்டரில் அவர் பறக்கும்போது அங்கி காற்றில் விரியும். ஒருநாள் அறிவிப்பு நேரத்தில் அதைப் போட்டு உடைத்தார். "நான் ஒருத்தி நாலு சபைக்கு ஓடுகேன். இதுக்குப் பேரு ஊழியம் இல்ல, பஸ் சர்வீஸ். ஊழியம் ஆயருக்க வீட்டுச் சொத்து இல்ல. எல்லாருக்கும் பங்கு இருக்கு." மாதத்தில் மூன்றாம் ஞாயிறை, சபை வீடுகளைப் பிரித்து வைத்திருந்த ஏரியாக்களில் ஒன்றின் கையில் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. ஆராதனை நடத்துவது, வேதம் வாசிப்பது, ஜெபம், பாட்டு, செய்தி, முடிந்த பிறகு காப்பியும் மரச்சீனிக் கிழங்கும், எல்லாம் அந்த ஏரியாக்காரர்களே. ஆயர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டார்.

மேற்கு ஏரியா முதலில் நடத்தி ஜமாய்த்துவிட்டது. கீபோர்டு, வயலின், பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு. அடுத்தது கிழக்கு ஏரியா, பிரீனாவின் ஏரியா.

தேவகனியின் வீட்டில் ஏரியாக் கூட்டம் நடந்தது. தேவகனி ரோட்டோரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையில் அவர் போடுகிற சத்தம் முக்கு வரைக்கும் கேட்கும். யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று ஆயர் கேட்டார். சுற்றிச் சுற்றி எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "நான் காப்பி பாத்துக்கிடுகேன்."

"எல்லாரும் காப்பிக்குப் போனா ஆராதனைக்கு யாரு இருப்பா? தேவகனி அக்கா, நடத்துகது நீங்க."

"நானா?" தேவகனி சுவரோடு ஒட்டினார். "எனக்கு அரிசி விலை சொல்லத் தெரியும் அம்மா. வேற என்ன தெரியும்?"

"அதே சத்தத்துல சொல்லுங்க. போதும். அடுத்தது, செய்தி யாரு?"

ஆளுக்கு ஆள் தரையைப் பார்த்தார்கள். பிரீனாவின் கை தானாக மேலே போயிற்று. "செய்தி நான் சொல்லுகேன்."

ஏரியாத் தலைவர் ஜெபசீலன் இருமினார். அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் மரியாதைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தாங்காத மனுஷன். ஆயர் சுற்றும் பார்த்தார். லீலாபாய், "சொல்லட்டே," என்றார். தேவகனியும் தலையாட்டினார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

"அப்போ பிரீனா," என்றார் ஆயர்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வண்டியைத் தான்தான் ஓட்டுகிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா மக்கா, செய்தி சொல்ல உசுரோட இருக்கணும்லா," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து பிரீனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஆனால் ஒரு களைப்பும் இல்லை. கல்யாண வீட்டில் ஏணியில் நிற்கும்போது செய்தி ஓடும். ஒயர் ஒட்டும்போது ஓடும். அவளோடு வேலை செய்கிறவன் சுயம்புராஜ். அவள் வயசுதான். குடும்பம் அய்யாவழி, தங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் பணிவிடைக்குத் தவறாமல் போகிறவன். அவனைப் பாக்ஸின் மேல் உட்கார வைத்து, ஏணியில் நின்றபடியே சொல்லிப் பார்ப்பாள்.

"ஒருத்தனுக்குக் கை கால் வராது. நாலு பேர் அவனைக் கட்டிலோட தூக்கிட்டு இயேசு இருக்க வீட்டுக்கு வருகா. வாசல் நெறய ஜனம். உள்ள போக வழி இல்ல. உடனே கூரையில ஏறி, ஓடுகளைப் பிரிச்சு, கட்டிலைக் கயித்துல எறக்குகா. எப்பிடி இருக்கு?"

சுயம்புராஜ் கவனமாகக் கேட்டான். "கொள்ளாம். பெறவு அந்த ஓட்டை யாரு போட்டா?"

"எந்த ஓடு?"

"பிரிச்சானுவள்லா. நாலு பேருமா மேல ஏறிப் பிரிச்சா, ஓட்டைத் தாங்குக பட்டியல் கம்பும் ரெண்டு ஒடிஞ்சிருக்கும். எங்க அப்பா ஓடு மேயப் போனவரு பாத்துக்கிடு. பிரிக்கது ஒரு மணி நேரம், மேயது ஒரு நாள். யாரு மேய்ஞ்சா?"

"அது எழுதல."

"எழுதலன்னா மழை பெய்யாதா?"

பிரீனா ஏணியை விட்டு இறங்கி வந்து அவன் எதிரில் நின்றாள். எத்தனை ஆயர்மார் வாயில் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. "ஏலே, நீ இதை முன்னமே கேட்டிருக்கக் கூடாதா? நான் பாதி ராத்திரி முழிச்சு எழுதினது ஒக்கப் போச்சு."

"நீ போய் எழுது. நான் ஒயரைப் பாத்துக்கிடுகேன். ஞாயித்துக்கெழம உனக்க மிஷினும் நான்தான் பாக்கணும், அதையும் எழுதி வை."

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது செய்திக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. கேள்வி கிடைத்ததும் மீதியெல்லாம் அதன் பின்னால் ஓடி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் மைக் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலன் வந்தார். அவர் அவளை ஆணைக் கூப்பிடுகிற மாதிரி ஏலே என்றும் கூப்பிடமாட்டார், பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்றும் கூப்பிடமாட்டார். பெயரும் சொல்லமாட்டார். எதிரில் இருக்கிற தூணிடம் பேசுகிற மாதிரிப் பேசுவார்.

"நாளைக்கு ரெண்டு மைக் வேணும். ஒண்ணு முன் வரிசைக்குப் பக்கத்துல வரட்டு."

"எதுக்கு மாமா?"

"நாகர்கோவில்ல இருந்து ஒரு சார் வருகாவ. காலேஜுல இருந்தவிய. நல்ல செய்தியாளர், மூணு ஜில்லாவுல கூப்பிடுகாவ. நம்ம ஏரியாவுக்கு ஒரு கௌரவம் வேணும்லா. செய்தி அவிய சொல்லட்டு."

பிரீனாவின் கையில் ஒயர் நின்றது. "அப்போ நான்?"

"நீ சாட்சி சொல்லு." தூணிடமிருந்து முதன்முறையாக முகத்தைத் திருப்பினார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஒரு நல்லது செய்கிற முகம்தான். "அஞ்சு நிமிஷம். எப்பிடிக் கஷ்டப்பட்ட, எப்பிடி சபை உன்ன சேத்துக்கிட்டு, அதைச் சொல்லு. ஜனம் உருகிரும். செய்தின்னா அதுக்கு ஒரு இது வேணும்."

அவர் போன பிறகும் பிரீனா அங்கேயே நின்றாள். சாட்சி. குடிகாரன் திருந்தினால் சாட்சி, வியாதிக்காரன் எழுந்தால் சாட்சி. சாட்சிக்கு வருகிறவனைப் பார்த்து ஜனம் அழும், பிறகு அவனை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தர் எழுந்து செய்தி சொல்லுவார். தன்னைப் போன்றவர்களைச் சபை எத்தனை அன்பாக அழைத்தாலும், மேடையில் கொடுப்பது அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான். அழுது காட்டுவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. ஓட்டைப் பற்றிப் பேசத்தான் விருப்பம்.

ஆயருக்குப் போன் போட்டாள். ஆயர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் இப்ப ஜெபசீலன் சாருக்குப் போன் பண்ணி உத்தரவு போடலாம்," என்றார் பிறகு. "போட்டா நடக்கும். ஆனா அது என்னுடைய ஞாயிறு ஆயிரும், கிழக்கு ஏரியாவுக்கது இல்ல. ஆராதனை நடத்துகது தேவகனி அக்கா. மேடையில யாரைக் கூப்பிடணும்னு நடத்துகவங்கதான் சொல்லணும். அவங்ககிட்ட பேசு."

தேவகனி கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப் போயிற்று.

"ஏட்டி, நீ எனக்க நிலமைய பாரு. 'எல்லோரும் எழுந்து நிற்போம்'னு சொல்லக் கண்ணாடி முன்ன நின்னு படிச்சிட்டு இருக்கேன். இதுல நான் ஜெபசீலன் அண்ணன எதிர்த்துப் பேசணுமா? எனக்க மவளுக்கு வேலை வாங்கித் தர ஓடுனவிய."

"பேச வேண்டாம் அக்கா. கூப்பிட்டாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான்." தராசில் கிடந்த வெங்காயத்தை எடுத்து மறுபடி சாக்கிலேயே போட்டார். "எனக்கு வெப்ராளமா இருக்கு பிள்ளே. நீ போ. நான் ஒண்ணும் சொல்லல."

வாக்குக் கொடுக்கவில்லை. ஏட்டி என்று கூப்பிட்டது மட்டும் வண்டி ஓட்டும்போது பிரீனாவின் காதில் இருந்தது.

ஞாயிறு காலை. முதல் மணி அடித்தபோதே கோயில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கிழக்கு ஏரியா என்ன செய்யப் போகிறது என்று பார்க்க மேற்கு ஏரியா முழுசாக வந்திருந்தது. வராந்தாவில் சுயம்புராஜ் வெள்ளை வேட்டி கட்டி மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்புறத்தில் கிழங்கு வேகிற வாசனை. அடுக்களைப் பக்கம் காப்பிக்குப் பேர் கொடுத்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் மணிக்குக் கார் வந்தது. நாகர்கோவில் சார் இறங்கினார். மெலிந்த, தலை நரைத்த மனிதர், பெரிய தோல் பை. ஜெபசீலன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார், முன் வரிசையில் உட்கார வைத்தார். ஜெபசீலனின் கைக்குள் பொன்னாடை ஒன்று கவரோடு மினுங்கியது. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில் பிரீனா. மாம்பழ நிறத்தில் புதுச்சேலை. மடியில் வேதம், அதற்குள் மடித்த தாள்.

"மக்கா, உனக்க காலு ஆடுகு," என்றார் லீலாபாய். "பெஞ்சு ஒக்க ஆடுகு."

"எனக்கு நிறுத்தத் தெரியல அம்மா."

மூன்றாம் மணி. தேவகனி மைக் முன்னால் வந்தார். "எல்லோரும் எழுந்து நிற்போம்," என்றார். ஏற்கெனவே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒரு சிரிப்பு ஓடியது. தேவகனியும் சிரித்துவிட்டார், அதோடு கடைச் சத்தம் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆராதனை தோணி மாதிரிப் போனது. வாய் பேசாத தம்பதி ஒன்று உண்டு; அவர்கள் இருவரும் கையால் ஜெபம் சொல்ல, மகள் அதைக் குரலில் சொன்னாள். சபை ஆமென் சொன்னது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் வேதம் வாசித்தார். வீட்டில் கதை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு. மேற்கு ஏரியாக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

செய்திக்கு முந்தைய கீர்த்தனை. கடைசிச் சரணம் வந்தபோதே ஜெபசீலன் எழுந்துவிட்டார். பொன்னாடையை எடுத்துக்கொண்டு முன் வரிசை மைக்கை நோக்கி நடந்தார். பிரீனா தேவகனியைப் பார்த்தாள். தேவகனி ஜெபசீலனைப் பார்த்தார். பாட்டு நின்றது.

தேவகனி இரண்டு கையாலும் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்ததாக, தேவசெய்தி. செய்தி கொடுப்பது நம்ம கிழக்கு ஏரியா பிரீனா." ஒரு மூச்சு. "ஏட்டி, வா."

ஜெபசீலன் பாதி வழியில் நின்றார். இரண்டே எட்டில் போய் மற்ற மைக்கை எடுத்து வாயருகே வைத்தார். "சபையாருக்கு ஒரு சின்ன..." உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தட்டினார். சத்தம் வரவில்லை. வராந்தாவைப் பார்த்தார். சுயம்புராஜ் மேலே ஒரு பல்லியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகர்கோவில் சார் திரும்பி மேடையைப் பார்த்தார், எழுந்து நிற்கிற பிரீனாவைப் பார்த்தார், ஜெபசீலனின் கையில் இருக்கிற பொன்னாடையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெபசீலனின் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "இருங்க ஜெபசீலன். எனக்கு இன்னைக்கு ஒரு செய்தி கேக்கணும்னு இருக்கு."

பிரீனா நடந்தாள். படிகள் எத்தனை, யார் யார் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. மேடையில் நின்றாள். பழக்கதோஷத்தில் விரல் மைக்கைத் தட்டியது, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய் சொல்லிவிட்டது. கோயில் குலுங்கிச் சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவரும், பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவியும் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். செருப்பு மாட்டுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிரீனா அவர்கள் படியிறங்கும் வரை காத்திருந்தாள். பிறகு தொடங்கினாள்.

கட்டிலில் கிடந்தவனையும், தூக்கி வந்த நாலு பேரையும், வழி விடாத வாசலையும் சொன்னாள். வாசலில் நின்றவர்களில் ஒருத்தர் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் ஓட்டைப் பிரிக்க வேண்டிய வேலையே வந்திருக்காது என்றாள். பின் வரிசையில் யாரோ "உள்ளதுதான்" என்றார்கள்.

"நீங்க எல்லாரும் ஒண்ணு நினைச்சிருப்பீங்க," என்றாள். "பிரீனா அந்தக் கட்டில்ல கெடக்க ஆளைப் பத்தித்தான் பேசுவா, பெறவு அது நான்தான்னு சொல்லி அழுவா. அழ மாட்டேன். எனக்கு ஒரு சீக்கும் இல்ல. நான் கட்டில்ல வந்தவ இல்ல. கட்டில் தூக்குன நாலு பேர்ல ஒருத்தி. பாரம் தூக்குகது எனக்குப் பழக்கம்."

லீலாபாய் கண்ணைத் துடைக்காமல் சிரித்தார்.

"இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். ஆனா எனக்க கூட்டாளி ஒருத்தன் கேட்ட கேள்விய யாரும் கேக்கல. பிரிச்ச ஓட்டைத் திரும்ப யாரு போட்டா?" கை மேலே காட்டியது. எல்லாத் தலையும் கோயில் கூரையைப் பார்த்தது. "வீட்டுக்காரன் தனியா நின்னு போட்டானா? அப்போ அவனுக்கு இயேசு வந்தது நஷ்டம். நாலு பேர் மட்டும் போட்டாங்களா? அப்போ நல்லது செய்தவனுக்குத் தண்டனை. ஓடு மேயுக வீட்டுல நீங்க ஒக்க நின்னிருக்கீங்க. தனியா நடக்குமா? கீழ ஒருத்தர், ஏணியில ஒருத்தர், மேல ஒருத்தர், வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தித்தான் ஓடு மேல போகும். நடுவுல ஒரு ஆள் கையைக் கட்டிட்டு நின்னா ஓடு கீழ விழும். அந்த வீட்டுக்காரனும், அன்னைக்கு வாசலை அடைச்சு நின்னவங்களும் அந்த வரிசையில வந்து நின்னிருந்தா, அந்த வரிசைக்குப் பேருதான் சபை. கட்டில்ல வந்தவன் இயேசுவால சொகமாகி எழுந்து நடந்தானே, அவனும் நிக்கணும். அவனைச் சாட்சி சொல்ல வச்சிட்டு வீட்டுக்கு அனுப்பாதீங்க. அவன் கையிலயும் ஒரு ஓட்டைக் குடுங்க."

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. குரல் குழாய் வழியாக ரப்பர் தோட்டம் தாண்டிப் போயிற்று. வராந்தாவில் சுயம்புராஜ் பக்கத்தில் நின்றவரிடம், "கேள்வி நான் கேட்டது," என்று மூன்று முறை சொன்னான்.

ஆராதனை முடிந்ததும் கிழங்கும் காப்பியும் மரத்தடியில் பறந்தன. ஆனால் யாரும் கிழங்கைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டைப் பற்றித்தான் பேச்சு. நாலு பேர்தான் மேய்ந்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. வீட்டுக்காரன் கூலிக்கு ஆள் வைத்திருப்பான் என்று ஒரு கட்சி. அந்த ஊரில் மண் கூரைதான், ஓடே கிடையாது என்று மேற்கு ஏரியா வாத்தியார் ஒருவர் ஆரம்பித்து, யாரும் கேட்காமல் போனார். ஜெபசீலன் கொண்டுவந்த பொன்னாடையை நாகர்கோவில் சாருக்கே போர்த்தினார். சார் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாயே திறக்காம பொன்னாடை வாங்குகது இதுதான் முதல் தடவை," என்றார்.

தேவகனி வந்து பிரீனாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். "ஏட்டி, நான் கூப்பிட்டுட்டேன் பாத்தியா."

"பாத்தேன் அக்கா."

யாரோ ஒரு டம்ளர் காப்பியை அவள் கையில் கொடுத்தார்கள். அப்போது ஜெபசீலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தூண் எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. பிரீனா நிமிர்ந்து நின்றாள். சேலையைப் பற்றியோ, மைக்கைப் பற்றியோ ஏதாவது வரும் என்று நினைத்தாள்.

"நீ சொன்னது ஒரு பக்கம்தான்," என்றார்.

"எது மாமா?"

"அந்த வீட்டுக்காரன். அவனுக்க பக்கம் நீ நிக்கல. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மேல ஏறிருக்கா. எனக்க வீடும் ஓட்டு வீடுதான். நாலு பேர் கேக்காம ஏறுனா நான் சும்மா இருப்பனா?"

"கேக்க வழி இல்லியே. வாசல் அடச்சுக் கெடந்தது."

"சத்தம் போட்டுக் கேக்கலாம்லா."

"உள்ள இருந்தவனுக்குக் கேக்குமா?"

"கேக்கும். நல்ல மைக் இருந்தா கேக்கும்." தான் சொன்னதில் அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அதில்ல. வீட்டுக்காரனுக்கு ஓடு போனது நஷ்டம்தான். நீ அதை ரெண்டு வார்த்தையில தாண்டிட்ட. அது செரியில்ல."

"தாண்டல. அவனும் வரிசையில நிக்கணும்னு சொன்னேன்."

"அவன் ஏன் நிக்கணும்? பிரிச்சவன் நிக்கட்டு."

பிரீனா டம்ளரைப் பக்கத்துக் குட்டைச்சுவரின் மேல் வைத்தாள். அவளுடைய கஷ்டத்தை அவர் கேட்கவில்லை. அவளுக்காக உருகவும் இல்லை. அவள் சொன்னதோடு சண்டைக்கு வந்திருந்தார். அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம் இறங்கியது.

"செரி மாமா," என்று சேலையைச் சொருகிக்கொண்டாள். "இஞ்ச இருங்க. முதல்ல இருந்து வருவோம். அந்த வீட்டுக்குள்ள அவ்வளவு ஜனத்தை விட்டது யாரு?"

ஜெபசீலன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.